இஸ்தோப்பு

ஜகார்த்தாவில் காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கோத்தா ரயில் நிலையத்தில் இறங்கி, ஒல்லாந்தர் பட்டாவியா என்று அழைத்த பழைய நகரின் சதுக்கத்தைக் கடந்து, காலி பெசார் கால்வாயின் கிழக்குக் கரைக்கு வந்து நின்றேன். ஜாவா மொழியில் 'காலி' என்றால் ஆறு. என் பயணம் முடியப்போகும் ஊரின் பெயரும் காலிதான், இலங்கையின் தென்மேற்குக் கோடியில் இருக்கிற காலி. பயணத்தைத் திட்டமிட்டபோது இந்த ஒற்றுமை எனக்குத் தோன்றவில்லை. கால்வாய்க் கரையில் பெயர்ப்பலகையைப் படித்தபோதுதான் உறைத்தது.

எதிரே நின்றது தோகோ மேரா. மலாய் மொழியில் சிவப்புக் கடை என்று பொருள். வான் இம்ஹோஃப் என்ற ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1730இல் கட்டிய வீடு. ஆறு ஆண்டுகள் கழித்து அவர் இலங்கைக்கு ஆளுநராகப் போனார். 1743இல் பட்டாவியாவுக்கே கவர்னர் ஜெனரலாகத் திரும்பினார். கம்பெனியின் ஆசிய ராஜ்ஜியம் முழுவதையும் ஆண்ட பதவி அது.

வீட்டின் எதிர்க்கரையில் நின்று அரைமணி நேரம் பார்த்தேன். செங்கல் நிறச் சுவர், வரிசை வரிசையாக உயரமான ஜன்னல்கள், செங்குத்தான ஓட்டுக்கூரை. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவைப் பார்த்த பக்கத்தில் ஒதுங்கி நிற்க ஒரு முழம் இடம் இல்லை. திண்ணை இல்லை, தாழ்வாரம் இல்லை. வெயில் நேராகச் சுவரில் இறங்குகிறது. நாகப்பட்டினத்தில் திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது முதலில் கண்ணில் படாமல் இருக்காது.

காரணம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. 1619இல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சூன் கூன் ஜயகர்த்தாவை எரித்து, அந்தச் சாம்பல்மேல் பட்டாவியாவை எழுப்பினார். கம்பெனிக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த ஊரையே கட்டினார்கள். நேர்க்கோட்டில் கால்வாய்கள், அவற்றின் கரையில் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய ஒடுக்கமான மாடி வீடுகள். ஆம்ஸ்டர்டாம் 52 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுச் சுவர் குளிருக்குக் கம்பளி மாதிரி, உள்ளே மூட்டிய கணப்பின் சூடு வெளியே போகாமல் காக்கும். பட்டாவியா பூமத்திய ரேகைக்கு 6 பாகை தெற்கே. இங்கே வீட்டுக்குள் சேர்ந்த சூட்டுக்கு வெளியேறும் வழிதான் தேவை. பக்கவாட்டுச் சுவர்கள் அடைத்துக்கொண்டதால் காற்று நுழைய முன்னும் பின்னும் மட்டுமே இடம். அந்த முன்பக்க ஜன்னல்களையும் பலர் சாத்தியே வைத்திருந்தார்கள். கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்பது அக்கால ஐரோப்பிய மருத்துவத்தின் நம்பிக்கை. கால்வாய் நாற்றமெடுக்க எடுக்க, வீடு இன்னும் இறுக்கமாக மூடப்பட்டது.

கால்வாய்கள் நாற்றமெடுத்ததில் வியப்பில்லை. ஜாவாவின் ஆறுகள் மலையிலிருந்து சேறு சுமந்து வருபவை. 1699இல் வந்த பெரும் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் இடிந்து ஆற்றில் விழ, சேறு பலமடங்கானது. கழிமுகம் தூர்ந்தது. தேங்கிய நீரிலும் கடலோர உப்பங்கழி மீன்பண்ணைகளிலும் கொசு பெருகியது. 1733 முதல் கப்பலில் புதிதாக வந்து இறங்கிய கம்பெனி ஆட்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 'கிழக்கின் அரசி' என்று பேர் வாங்கிய ஊர் 'கிழக்கின் இடுகாடு' ஆயிற்று. கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் பசிபிக்கைச் சுற்றிவிட்டு 1770 அக்டோபரில் பழுதுபார்க்க இங்கே வந்தது. அதுவரை நோய்க்கு அதிகம் ஆளை இழக்காத கப்பல் அது. பட்டாவியாவில் ஏழு பேர் செத்தார்கள், நோயோடு புறப்பட்ட வழியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். நட்சத்திரங்களைப் பார்த்துப் பசிபிக் தீவுகளுக்கிடையே வழிசொல்லத் தெரிந்த, தஹிதியில் கப்பலேறிய துபையாவும் அந்த ஏழு பேரில் ஒருவர். அப்படியொரு மாலுமி இந்தக் கால்வாய்களின் நடுவே காய்ச்சலில் முடிந்துபோனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கொசுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாது. ஊரைவிட்டு வெளியே போனவர்கள் பிழைக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. பணம் இருந்தவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். தோகோ மேராவிலிருந்து கஜ மாதா சாலையில் நடந்தால் அந்த நகர்வின் தடயம் ஒன்று இன்னும் நிற்கிறது: கம்பெனி அதிகாரி ரெய்னியர் டி கிளெர்க் 1760இல் கட்டிய தோட்ட வீடு. நெடுங்காலம் நாட்டின் ஆவணக் காப்பகமாக இருந்து, இப்போது பார்வையாளருக்குத் திறந்திருக்கிறது. நாலு பக்கமும் மரமும் புல்வெளியும். பக்கத்துச் சுவர் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் வீடு இன்னும் ஒல்லாந்துப் பெட்டிதான். ஊரைவிட்டு வெளியே வந்துவிட்டது, உடம்பு மாறவில்லை. உள்ளே நடுக்கூடத்தில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நின்றபோது முதல்முறையாகக் காற்று முகத்தில் பட்டது. பின்கதவைத் தாண்டினால் ஒரு முற்றம். அதைச் சுற்றி வேலைக்காரர்களும் அடிமைகளும் இருந்த கட்டுகள். அவற்றுக்கு முன்னால் நீள நெடுகத் தாழ்வாரம்.

அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். பெரிய வீட்டின் முகப்பைவிட இங்கே குளிர்ச்சி. எசமானின் வீட்டுக்கு இல்லாத நிழல் வேலைக்காரர் கட்டுக்கு இருந்தது. இதை யாராவது அப்போது கவனித்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நூறு ஆண்டுகளில் ஜாவாவின் ஒல்லாந்து வீடு அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. 1808இல் கவர்னர் ஜெனரலாக வந்த டான்டெல்ஸ் பழைய கோட்டையை இடித்து, அந்தக் கல்லையும் செங்கல்லையும் கொண்டுபோய்த் தெற்கே வெல்டெவ்ரேடன் என்ற புதுக் குடியிருப்பில் மாளிகை எழுப்பத் தொடங்கினார். அங்கே எழுந்த வீடுகள் மாடியைக் கைவிட்டுத் தரையில் அகலமாகப் படுத்துக்கொண்டன. நடுவில் நீண்ட கூடம், இருபுறமும் அறைகள், முன்னால் தூண் வைத்த தாழ்வாரம் ஒன்று, பின்னால் இன்னொன்று. அத்தனைக்கும் மேலே சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் கூரை. சமையற்கட்டு தனியே, தீயும் புகையும் வீட்டுக்குள் வராத தூரத்தில். சுவர் இல்லாமல் தூணும் கூரையுமாக நிற்கும் ஜாவாவின் பெந்தோப்போ மண்டபத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்த வீடு யாரிடம் பாடம் கேட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முன் தாழ்வாரம் விருந்தினருக்கு. வாழ்க்கை நடந்ததெல்லாம் பின் தாழ்வாரத்தில். பட்டாவியாவில் பிறந்து வளர்ந்த ஒல்லாந்துப் பெண்கள் அங்கே சாரோங்கும் கெபாயாவும் உடுத்துப் பாயிலும் சாய்வு நாற்காலியிலும் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தாய் ஆசியப் பெண். பிள்ளைகளின் முதல் மொழி பெரும்பாலும் ஒல்லாந்து மொழி அல்ல, தூக்கி வளர்த்த ஆயா பேசிய மலாயோ போர்த்துக்கீசியக் கலப்பு மொழியோதான். வெயிலில் எங்கே நிற்கக் கூடாது, எப்போது குளிக்க வேண்டும், மத்தியானத்தில் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மடியில்தான் கற்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய வீடு வெப்பத்துக்கு 'ஏற்றபடி மாறியது' என்று கட்டடக்கலைப் புத்தகங்கள் எழுதுகின்றன. வீடு தானாக மாறாது. உள்ளே இருந்தவர்கள் மாற்றினார்கள்.

அவர்களில் எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. இதை எழுதுவதற்காகவே இந்தப் பயணம் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். 1658இல் நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்து அடித்தன. சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி ஆயிரக்கணக்கில் கப்பலேற்றியது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பட்டாவியாவுக்கும் போனார்கள். அதற்கு முன்பே பழவேற்காட்டிலிருந்தும் கப்பல்கள் போயிருந்தன. பட்டாவியாவில் விடுதலை பெற்ற இந்திய அடிமைகளும் அவர்கள் சந்ததியும் மார்டைக்கர் என்ற தனிச் சமூகமாக வாழ்ந்தார்கள். அவர்களுக்காகக் கட்டி 1695இல் திறந்த 'போர்த்துக்கீசியத் தேவாலயம்' கோத்தா நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்று சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தேன். உயரமான உத்தரம், கனத்த சுவர், கருமரப் பெஞ்சுகள். பெயர் எழுதிய கல்லறைகள் எல்லாம் வேறு யாருடையவையோ. காவிரிக் கழிமுகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஊரின் புழுக்கம் புதிதாக இருந்திருக்காது. என்ன செய்தால் உடம்பு தாங்கும் என்று தெரிந்த கைகள் அவை.

ஜகார்த்தாவில் நான் தங்கிய விடுதியின் ஜன்னல் திறக்கவே திறக்காது. கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டிருந்தார்கள். ஒருநாள் இரவு மின்சாரம் போனதும் பத்து நிமிடத்தில் அறை வெந்தது. தோகோ மேராவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காய்ச்சலுக்குப் பயந்து கிடந்தவர்களை அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரயிலில் செமாராங். அங்கே பார்க்க வந்தது லாவாங் சேவு, 'ஆயிரம் வாசல்'. ஒல்லாந்து ரயில் கம்பெனி தன் தலைமையகமாக 1904 தொடங்கி 1907இல் முடித்த கட்டடம். உண்மையில் வாசல் ஆயிரம் இல்லை. ஆனால் தரை தொடும் இரட்டைக் கதவு ஜன்னல்கள் வரிசையாக ஓடுவதைப் பார்த்தால் எண்ணத் தோன்றாது. முந்நூறு ஆண்டுப் பாடம் முழுவதும் இங்கே கணக்காக மாறியிருக்கிறது. அலுவலக அறைகளைச் சுற்றி வளைவு வளைவாகத் தாழ்வாரம் ஓடுகிறது. வெயில் அந்தத் தாழ்வாரத்தோடு நின்றுவிடும், அறைச் சுவரைத் தொடாது. மேலே போன சூடு உயர்ந்த கூரைக்கடியில் தங்காமல் வெளியேற வழிகள் உண்டு. நிலவறைக்குப் போகும் படியில் நின்றபோதுதான் மனம் கனத்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் அந்த நிலவறை சிறையாயிற்று. 1945 அக்டோபரில் நடந்த ஐந்து நாள் சண்டையில் ரயில்வே இளைஞர்கள் பலர் இந்த வளாகத்திலேயே செத்தார்கள். குளிர்ச்சிக்காகக் கட்டிய இடத்தில் அன்று எனக்கு வியர்த்தது.

ஜாவாவிலிருந்து கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து கடலோர ரயில். ஜன்னல் திறந்திருந்தது. களுத்துறை தாண்டியதும் உப்புக்காற்று பெட்டிக்குள் நிறைந்தது. காலி, பூமத்திய ரேகைக்கு 6 பாகை வடக்கே. ஜகார்த்தாவைக் கண்ணாடியில் கவிழ்த்துப் பார்த்ததுபோல.

1640இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இது. 1796இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. மூன்று பக்கம் கடல். 2004 டிசம்பரில் கடல் பொங்கி வந்தபோது வெளியே பேருந்து நிலையமும் கடைத்தெருவும் அழிந்தன, மதிலுக்குள் இருந்த தெருக்கள் தப்பின. ஆனால் நான் மதிலைப் பார்க்க வரவில்லை. தேவாலயத் தெருவும் லேன் பான் தெருவும் பெட்லர் தெருவும் வைத்திருக்கிற வீட்டு முகப்புகளைப் பார்க்க வந்தேன்.

ஆம்ஸ்டர்டாம் வீட்டு வாசலில் இரண்டு படி உயரத்தில் ஒரு சிறு மேடை இருக்கும். அதற்கு 'ஸ்டூப்' என்று பெயர். வெள்ளம் வந்தால் வாசல் நனையாமலிருக்கவும், சாயங்காலம் பெஞ்சு போட்டு உட்காரவும் போதுமான இடம். காலியில் அந்த மேடை பக்கவாட்டில் நீண்டுகொண்டே போய் வீட்டின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு அதற்குமேல் தாழ்வான ஓட்டுக்கூரை இறங்கியது. கூரையைத் தாங்கத் தூண்கள் வந்தன. சிங்களத்தில் இஸ்தோப்புவ. இங்கே தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் இஸ்தோப்பு. இதே ஒல்லாந்துச் சொல் நியூயார்க்கிலும் தங்கிவிட்டது. அங்கே அது இன்னும் வாசற்படி மட்டும்தான். கூரையும் தூணும் நீளமும் இந்தத் தீவு கொடுத்தவை.

சொற்களைத் தேடத் தொடங்கினால் நிறுத்த முடிவதில்லை. இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் கந்தோர் என்பது ஒல்லாந்தரின் 'கன்டோர்'. தமிழகத்திலும் நாம் சொல்கிற கக்கூஸ், ஒல்லாந்தரின் 'கக்ஹவுஸ்'. அவர்களுக்கு முன்னால் வந்த போர்த்துக்கீசியர் ஜன்னலையும் அலமாரியையும் மேசையையும் சாவியையும் விட்டுப்போனார்கள். இலங்கையில் அதற்கு மேலும் கதிரை, குசினி, விறாந்தை. வீட்டின் உறுப்புகளுக்கு அவர்கள் பெயர் நம் வாயில் இருக்கிறது. ஆனால் முற்றம், கிணறு, ஓடு, சுண்ணாம்பு, நிழல் எல்லாம் நம் சொல்லாகவே இருக்கின்றன. எது யாரிடமிருந்து வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு தெருமுனையில் நின்று ஒரு வீட்டின் கதவுக்கு மேலிருந்த மர வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடியும் பூவுமாகச் செதுக்கிய சல்லடை. கதவைச் சாத்தினாலும் காற்று அதன் வழியே போகும். இஸ்தோப்பில் இருந்த மூதாட்டி என் பேச்சைக் கேட்டு நான் தமிழன் என்று அறிந்துகொண்டார்.

"வெயிலுக்க நிக்காம மேலுக்கு வாங்க மகன். இஸ்தோப்புல இரிங்க."

பிரிட்டிஷ் காலத்தில் இந்தக் கோட்டைக்குள் வீடு வாங்கிக் குடியேறிய முஸ்லிம் வணிகக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தண்ணீர் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே வீட்டைக் காட்டினார். "உம்மா, சுவர் எவ்வளவு தடிமன்!" என்றேன். கையை விரித்து அளந்து காட்டினார், இரண்டு முழத்துக்குக் குறையாது. முருகைக்கல்லும் கபூக் என்கிற செம்புராங்கல்லும் சேர்ந்த சுவர், மேலே பவழம் சுட்ட சுண்ணாம்புப் பூச்சு. பகலெல்லாம் வெயில் சுவரைச் சுட்டாலும் அந்தச் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். ஓர் இடத்தில் மட்டும் பூச்சு உப்பி, உதிர்ந்து, கறுத்துக் கிடந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு கொத்தனார் சீமெந்து பூசிய இடம்.

"சீமெந்துக்கு மூச்சு விடத் தெரியாது மகன்," என்றார். மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஈரமும் கடலுப்பும் சீமெந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வெளியேற வழியில்லாமல் கல்லையே தின்கின்றன.

இந்த ஊரில் நிழல் மட்டும் போதாது. வட இந்தியாவின் காய்ந்த வெயிலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்து வாசலில் தொங்கவிட்டால் அறை குளிரும். காலியில் காற்றே நனைந்திருப்பதால் அந்த வித்தை பலிக்காது. வியர்வை காய வேண்டுமானால் காற்று நகர வேண்டும். அதனால்தான் வீடு முழுவதும் நேர்க்கோட்டில் அடுக்கப்பட்டிருக்கிறது. இஸ்தோப்பு, முன்கதவு, கூடம், பின்கதவு, பின் விறாந்தை, முற்றம், கிணறு. தெருவில் நின்றால் கிணற்றடி தெரியும். வெயிலில் காய்ந்த முற்றத்துச் சூடு மேலே எழும்ப, நிழலில் கிடந்த இஸ்தோப்புக் காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே ஓடும். மேலே அரைவட்ட ஓடுகள். ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து அடுக்கியவை என்பதால் இடுக்குகள் வழியே சூடு கசிந்து போய்க்கொண்டே இருக்கும். மழைக்கு முன் ஒவ்வொரு வருடமும் ஓடு மாற்றி அடுக்க வேண்டும். அதற்குத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு என்று வருத்தப்பட்டார். பக்கத்து மூன்று வீடுகளை வெளிநாட்டார் வாங்கிவிட்டார்கள். இரண்டில் இஸ்தோப்பைக் கண்ணாடி போட்டு அடைத்துக் குளிர்சாதனம் வைத்திருக்கிறார்கள்.

கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களில் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்காக வீடு கட்டியபோது, இந்த முற்றத்தையும் விறாந்தையையும் ஓட்டையும் திரும்ப நகரத்துக்குள் கொண்டுவந்தார். அதை நவீனக் கட்டடக்கலையின் திருப்பம் என்று படித்திருக்கிறேன். இந்தக் கிணற்றடியில் நின்றபோது, அவர் எங்கே போய்ப் பார்த்திருப்பார் என்று புரிந்தது.

மூன்று மணிவாக்கில் வானம் இருண்டது. அவர் எழுந்து முன்கதவின் ஒரு பலகையைச் சாத்தினார், பின்கதவை இரண்டு பலகையும் முழுக்கத் திறந்துவைத்தார். ஏன் என்று கேட்டேன். தென்மேற்கிலிருந்து சாரல் வருகிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் அடைத்து இந்தப் பக்கம் திறந்தால் ஈரம் உள்ளே வராது, காற்று மட்டும் வரும் என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். அவருடைய உம்மம்மா. உம்மம்மாவுக்கு இந்த வீட்டில் முன்பு வேலைசெய்த ஒரு கிழவி சொன்னதாம். அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை.

மழை முற்றத்தில் இறங்கியது. நாலு பக்க ஓட்டிலிருந்தும் தண்ணீர் கயிறுகயிறாக விழுந்து கிணற்றடிக் கல்லில் தெறித்தது. பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து இரண்டையும் விறாந்தை விளிம்பிலிருந்து எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு, கதிரையை எனக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூடத்தின் வழியே காற்று வந்துகொண்டிருந்தது. மழை விடும்வரை போக வேண்டாம் என்றார்.